பெயரில்லாத எலும்பு: இடுப்பெலும்பும் அதைப் பிடித்திழுக்கும் தசைகளும்

எழுந்து நின்று, சண்டைக்கு நிற்பவரைப் போல இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பின்பக்கம், மற்ற நான்கு விரல்களும் முன்பக்கம். கை எந்த விளிம்பின்மேல் உட்கார்ந்திருக்கிறதோ, அதுதான் இடுப்பெலும்பின் மேல் ஓரம். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டால், பாரம் இறங்குவதும் இந்த விளிம்பில்தான். இப்போது உட்காருங்கள். உள்ளங்கையை அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள். கெட்டியான மேடு ஒன்று கையை உறுத்தும். அதுவும் அதே எலும்புதான். மேலே கை ஊன்றிய விளிம்பும் கீழே உறுத்துகிற மேடும் ஒரே எலும்பின் இரண்டு கோடிகள் என்றால் பலர் முதலில் நம்புவதில்லை.

லத்தீனில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: ‘ஆஸ் இன்னாமினேட்டம்’. ‘பெயரிடப்படாத எலும்பு’ என்று பொருள். எதைப் போல இருக்கிறது என்று சொல்லித்தான் உடலுறுப்புகளுக்குப் பெயர் வைப்பார்கள். இதைப் பார்த்து எதையும் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது. நான் முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. பட்டையாக விரிந்து, நடுவில் இறுகி, கீழே மறுபடி விரிந்து, போதாக்குறைக்கு ஒரு பெரிய ஓட்டையும். ஐந்து நிமிடம் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே குறிப்பெடுத்திருக்கிறேன். வகுப்பெடுத்தவர் பேசாமல் வந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தமிழில் குழப்பம் வேறு மாதிரி. பெல்ட் கட்டும் இடமும் ‘இடுப்பு’, தொடை வந்து சேரும் மூட்டும் ‘இடுப்பு’. அதனால்தான் வயதானவர் விழுந்து ‘இடுப்பெலும்பு உடைந்துவிட்டது’ என்று கேள்விப்படும்போது, பெரும்பாலும் உடைந்திருப்பது இந்த எலும்பு அல்ல; தொடை எலும்பின் மேல்பகுதி, அதன் கழுத்து அல்லது அதை ஒட்டிய இடம். இடுப்பெலும்பு அந்தத் தொடை எலும்பின் தலையைத் தாங்கும் கிண்ணத்தை வைத்திருக்கும் எலும்பு. வலது ஒன்று, இடது ஒன்று. இரண்டும் முன்னால் ஒன்றோடொன்று சேர்கின்றன. பின்னால் முதுகெலும்பின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பான சேக்ரத்தை இருபுறமும் அணைத்துக்கொள்கின்றன. இந்த வளையமும் அதன் வாலில் தொங்கும் சிறிய வால் எலும்பும் சேர்ந்ததுதான் இடுப்புக்கூடு.

மூன்று சேர்ந்து ஒன்று

பிறந்த குழந்தைக்கு இது ஒரு எலும்பு அல்ல, மூன்று. மேலே அகலமான இறக்கை போல இலியம். பின்னால் கீழே, நாம் உட்காரும் பகுதி இஸ்கியம். முன்னால் கீழே பியூபிஸ். மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம், தொடை எலும்பின் தலை உட்காரும் கிண்ணம். அங்கே ஆங்கில ‘ஒய்’ எழுத்தின் வடிவில் ஒரு குருத்தெலும்பு மூன்றையும் பிரித்து வைத்திருக்கும். குழந்தை வளர வளர கிண்ணமும் பெரிதாக வேண்டுமல்லவா, அதற்கு வழிவிடுவது இந்தக் குருத்தெலும்புதான். கீழே இஸ்கியமும் பியூபிஸும் கைகோத்துக்கொள்ளும் கம்பி ஏழெட்டு வயது வாக்கில் ஒட்டுகிறது. கிண்ணத்துக்குள் இருக்கும் ஒய் வடிவக் குருத்து பருவ வயதில், ஏறக்குறைய 14 முதல் 16 வயதுக்குள் எலும்பாக மாறி மூடிக்கொள்கிறது. பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னதாகவே. அப்புறம் மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன, ஒரு வீட்டின் மூன்று அறைகளைப் போல.

கிண்ணத்துக்கு அசிட்டாபுலம் என்று பெயர். ரோமானியர் உணவு மேசையில் காடி ஊற்றி வைக்கும் சின்னக் கிண்ணத்தின் பெயர் அது. பெயரில்லாத எலும்புக்குள் இருக்கும் குழிக்கு மட்டும் இவ்வளவு அழகான பெயர். அதன் பரப்பில் இலியமும் இஸ்கியமும் ஆளுக்கு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, பியூபிஸ் ஐந்தில் ஒரு பங்கு. கிண்ணம் முழுவதும் வழவழப்பாக இருக்காது. குதிரை லாடம் போல வளைந்த ஒரு பட்டையில் மட்டும்தான் வழுக்கும் குருத்தெலும்பு. எடையைத் தாங்குவது அதுதான். லாடத்தின் வாய் கீழ்நோக்கித் திறந்திருக்கும்.

கையில் எலும்போ, மாதிரியோ, நல்ல படமோ கிடைத்தால் இப்படித் திருப்பிக்கொள்ளுங்கள்: கிண்ணம் வெளிப்பக்கம், ஓட்டை கீழே, மெல்லிய பியூபிஸ் முன்னால். இன்னும் ஒரு திருத்தம் வேண்டும். இலியத்தின் முன்கூர்மையும் பியூபிஸின் முன்புறச் சிறு மேடும் ஒரே செங்குத்துத் தளத்தில் நிற்க வேண்டும். சுவரில் சாய்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். உயிருள்ள மனிதர் நிற்கும்போது இடுப்பு இருப்பது அப்படித்தான். புதிதாகப் படிப்பவர்கள் இதைக் கவனிக்காமல் எலும்பைப் பின்னால் சாய்த்துப் பிடிப்பதால், இடுப்புக்கூட்டை நிமிர்ந்த சட்டி மாதிரி கற்பனை செய்துவிடுகிறார்கள். உண்மையில் அது முன்னால் கவிழ்ந்திருக்கும் சட்டி.

மேடு கண்டால் கேட்க வேண்டிய கேள்வி

இந்த எலும்பில் ஒட்டும் தசைகளின் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். வயிற்றுத் தசைகள், முதுகுத் தசைகள், புட்டத் தசைகள், தொடையின் முன், பின், உள் பக்கத் தசைகள், அடியில் இடுப்புத் தளத் தசைகள். மனப்பாடம் செய்து தேர்வெழுதி மறந்துபோவதுதான் வழக்கம். நானும் ஒருமுறை அப்படி மறந்தவன்தான்.

நினைவில் நிற்க வைத்தது ஒரே ஒரு விஷயம். தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. அது எலும்பைப் பற்றியிருக்கும் இடத்தில் வளரும் காலம் முழுக்க இழுப்பு விழுகிறது. எலும்பு அந்த இழுப்புக்கு ஏற்றாற்போல் மேடாகவோ வரம்பாகவோ சொரசொரப்பாகவோ உருவெடுக்கிறது. எனவே எலும்பில் ஒரு முனையைப் பார்த்தால் ‘இதன் பெயர் என்ன’ என்று தொடங்காமல், ‘இங்கே பிடித்து இழுப்பது யார், எந்தப் பக்கமாக இழுக்கிறார்’ என்று கேளுங்கள். பெயர் பிறகு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

சரி, இறக்கையிலிருந்து ஆரம்பிப்போம்.

இலியத்தின் வெளிப்புறம்

காய்ந்த எலும்பின் இறக்கையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் ஒளி ஊடுருவித் தெரியும். அந்த இடம் அவ்வளவு மெல்லியது. ஆனால் கிண்ணத்திலிருந்து மேல் விளிம்பை நோக்கித் தடித்த ஒரு தூண் போகிறது. விளிம்பில் அது முடியும் இடத்தில், முன்கூர்மைக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் பின்னால் ஒரு புடைப்பு. இடுப்பில் கை வைத்தால் ஆள்காட்டி விரலுக்குத் தட்டுப்படும். ஏன் அந்த இடத்தில் மட்டும் எலும்பு இவ்வளவு செலவழித்துத் தூண் கட்டியிருக்கிறது?

விடை தெரிய ஒற்றைக் காலில் நில்லுங்கள். நிற்கும் காலின் பக்கம், அந்தப் புடைப்புக்குச் சற்றுக் கீழே விரலை அழுத்தி வையுங்கள். தசை கல்லாக இறுகுவது தெரியும். அதுதான் குளுட்டியஸ் மீடியஸ். அதற்கு அடியில் குளுட்டியஸ் மினிமஸ். இலியத்தின் வெளிப்பரப்பில் வளைந்த மூன்று மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. பின்கோட்டுக்கும் முன்கோட்டுக்கும் இடையில் மீடியஸ், முன்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் மினிமஸ், பின்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடத்தில் குளுட்டியஸ் மேக்சிமஸ். பெயரில் பெரியதான மேக்சிமஸுக்கு இந்த எலும்பில் கிடைத்திருப்பது ஒரு மூலைதான். அது சேக்ரம், வால் எலும்பு, அங்கிருக்கும் நார்க்கட்டு என்று பல இடங்களில் கால் பதித்துக்கொண்டு சமாளிக்கிறது.

மீடியஸும் மினிமஸும் தொடை எலும்பின் வெளிப்புற மேட்டில் போய் ஒட்டுகின்றன. தொடையை வெளிப்பக்கம் விரிப்பது இவற்றின் வேலை என்று புத்தகம் சொல்லும். பொய்யில்லை, ஆனால் நாள் முழுக்க நாம் காலை விரித்துக்கொண்டா இருக்கிறோம்? இவற்றின் உண்மையான பிழைப்பு நடையில் இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் ஒரு கால் தரையை விட்டு எழும்பும்போது, தாங்கல் இல்லாத அந்தப் பக்க இடுப்பு கீழே சரியப் பார்க்கும். ஊன்றிய காலின் பக்கமிருக்கும் மீடியஸ் இறக்கையைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துச் சமன் செய்கிறது. இந்தத் தசை பலவீனமானால், அல்லது அதன் நரம்பு அடிபட்டால், ஒற்றைக் காலில் நிற்கும்போது எதிர்ப்பக்க இடுப்பு இறங்கிவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டெலன்பர்க் 1895இல் இதை விவரித்தார். இன்றும் அந்தச் சோதனை அவர் பெயரால்தான் வழங்குகிறது.

இதில் நெம்புகோல் கணக்கும் ஒளிந்திருக்கிறது. உடலின் எடை மூட்டிலிருந்து தள்ளி, உடலின் நடுக்கோட்டுக்கு அருகே இறங்குகிறது. தசையோ மூட்டுக்குப் பக்கத்திலேயே இழுக்கிறது. குட்டையான கையால் நீண்ட கையைச் சமன் செய்ய வேண்டுமானால் பல மடங்கு இழுக்க வேண்டும். அதனால் ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த மூட்டின்மேல் விழும் விசை உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு ஆகிறது. இலியம் தூண் கட்டியது இதற்காகத்தான். இடுப்பு மூட்டு வலிக்காரரைக் கைத்தடியை எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கச் சொல்வதும் இதனால்தான். வலது மூட்டு வலித்தால் தடி இடது கையில். வலிக்கும் பக்கமே தடியைப் பிடிப்பவர்கள் ஏராளம். அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பாதிப்பேர் கேட்பதில்லை.

சிம்பன்சியின் இலியம் உயரமாக, ஒடுங்கலாக, முதுகோடு ஒட்டிப் பின்னோக்கி இருக்கும். அதில் ஒட்டும் இதே தசைகள் காலைப் பின்னால்தான் இழுக்கும். மனிதருக்கு அது குட்டையாகி, அகன்று, பக்கவாட்டில் வளைந்துவிட்டது. தசை அதேதான், எலும்பு திரும்பிக்கொண்டதால் வேலை மாறிவிட்டது. எத்தியோப்பியாவின் ஹதாரில் 1974இல் கிடைத்த ‘லூசி’யின் எலும்புக்கூட்டுக்கு வயது ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டுகள். மூளை சிம்பன்சியின் அளவை ஒட்டியே இருந்த அந்த இனத்தில் இலியம் மட்டும் ஏற்கெனவே குட்டையாக அகன்றிருந்தது. இரண்டு காலில் நடந்தாள் என்பதற்கு அந்த எலும்பு முக்கியமான சாட்சி.

மேக்சிமஸைப் பற்றி ஒரு வார்த்தை. சமதரையில் சாவகாசமாக நடக்கும்போது அது பெரிதாக உழைப்பதில்லை. நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, ஓடுவது என்றால்தான் முழு மூச்சில் இறங்கும். படி ஏறும்போது புட்டத்தில் கை வைத்துப் பாருங்கள், ஆள் இல்லாத இடத்தில்.

புட்டத்தில் ஊசி போடும் விஷயமும் இங்கே சேர்ந்ததுதான். இலியத்துக்கும் சேக்ரத்துக்கும் கீழே இருக்கும் பெரிய வெட்டின் வழியாக உடலின் மிகத் தடித்த நரம்பான சியாட்டிக் நரம்பு வெளியே வந்து, புட்டத்தின் கீழ்ப்பாதி வழியாகத் தொடைக்கு இறங்குகிறது. அதனால் புட்டத்தை நான்காகப் பிரித்து மேல்வெளிக் கால்பகுதியில் ஊசி போடச் சொல்வார்கள். அதைவிடப் பாதுகாப்பான இடம் பக்கவாட்டில் இருக்கிறது: உள்ளங்கையைத் தொடையின் வெளி மேட்டில் வைத்து, ஆள்காட்டி விரலை இலியத்தின் முன்கூர்மைக்கு நீட்டி, நடுவிரலை விளிம்பு நெடுகப் பின்னுக்கு விரித்தால் இரண்டு விரலுக்கும் நடுவில் கிடைக்கும் முக்கோணம். அங்கே மீடியஸும் மினிமஸும்தான். பெரிய நரம்பு கிடையாது.

விளிம்பும் உள்பக்கமும்

மேல் விளிம்பு தடித்த உதடு போன்றது. வயிற்றின் பக்கச் சுவரில் மூன்று அடுக்குத் தசைகள். மூன்றும் இந்த விளிம்பில் வெளி உதடு, நடுப்பகுதி, உள் உதடு என்று வரிசை மாறாமல் இடம் பிடித்திருக்கின்றன. பின்பாதியில் முதுகின் அகன்ற தசை வெளியிலும், இடுப்பையும் கடைசி விலா எலும்பையும் இணைக்கும் நாற்சதுரத் தசை உள்ளேயும். நடக்கும்போது உடல் ஒருபக்கம் சரியாமல் இருக்க, கீழே மீடியஸ் இழுப்பதும் மேலே இவை இழுப்பதும் ஒரே விளிம்பின் இரு கரைகளிலிருந்துதான்.

விளிம்பின் உச்சியிலிருந்து உச்சிக்கு முதுகின் குறுக்கே ஒரு கோடு போட்டால் அது நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் அளவில் போகும். தண்டுவட நீர் எடுக்கும்போதும் முதுகில் மயக்க ஊசி போடும்போதும் மருத்துவர் முதலில் விரலால் தேடுவது இந்தக் கோட்டைத்தான். வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. விளிம்பின் பின்கோடியில், முதுகின் கீழே இருபுறமும் சிலருக்குக் கன்னக்குழி போல இரண்டு குழிகள் தெரியுமே, அவற்றுக்கு அடியில் இருப்பது பின்கூர்மை. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்கு ஊசி இறங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்.

இறக்கையின் உள்பக்கக் குழியில் இலியாகஸ் என்ற தசை விசிறி போல விரிந்து படுத்திருக்கிறது. முதுகெலும்பிலிருந்து இறங்கிவரும் சோவாஸ் இதோடு சேர்ந்துகொள்ள, இரண்டும் இடுப்பெலும்பின் முன்வரம்பைத் தாண்டித் தொடையின் உள்மேட்டில் ஒட்டுகின்றன. தொடையை மடக்கி மேலே தூக்குவதில் இந்த ஜோடிக்கு நிகர் கிடையாது. மல்லாந்து படுத்து எழுந்து உட்காரும்போது ‘வயிற்றுத் தசை வேலை செய்கிறது’ என்று நினைக்கிறோம். பாதி வழிக்கு மேல் வேலை செய்வது இவர்கள்தான்.

நாம் உட்காரும் மேடு

உள்ளங்கையை உறுத்திய மேட்டுக்கு வருவோம். அது இஸ்கியத்தின் முண்டு. நிற்கும்போது மேக்சிமஸின் கீழ்ப்பகுதி இதை மூடியிருக்கும். உட்கார்ந்தால் தசை மேலே நழுவி, முண்டு தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் நேராக வந்துவிடும். எவ்வளவு பெரிய புட்டம் இருந்தாலும் நாம் உட்காருவது எலும்பின் மேல்தான். முண்டின் கீழ் உள்பக்கத்தில் தசை எதுவும் ஒட்டாமல் நார்க்கொழுப்பு மெத்தை மட்டும் வைத்திருப்பது, அந்த இடம் உட்காருவதற்கென்றே ஒதுக்கப்பட்டது என்பதால்.

அதற்கு மேலே ஒரே நெரிசல். தொடையின் பின்பக்கம் ஓடும் ஹாம்ஸ்ட்ரிங் தசைகள் மூன்றும் இங்கிருந்துதான் புறப்படுகின்றன: மேல்வெளி மூலையில் செமிமெம்பிரனோசஸ், உள்பக்கம் செமிடெண்டினோசஸும் பைசெப்ஸ் ஃபெமோரிஸின் நீளத் தலையும் ஒரே நாணாக (தசையை எலும்போடு கட்டும் நார்க்கயிறுதான் நாண்). இவை இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளையும் கடந்து முழங்காலுக்குக் கீழே போய் ஒட்டுகின்றன. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொட முடியாமல் தவிக்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான். குனிவது என்பது இடுப்புக்கூடு தொடையின்மேல் முன்னால் உருளுவது. உருளும்போது முண்டு பின்னால் மேலே ஏறுகிறது. அதைப் பற்றியிருக்கும் நாண்கள் மறுமுனையில் நீட்டிய முழங்காலால் இறுகியிருக்கின்றன. முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் கை தரைக்குப் போய்விடும்.

முண்டுக்குச் சற்று மேலே இஸ்கியத்தின் முள். சின்னதுதான், ஆனால் பிரசவ அறையில் இதற்கு இருக்கும் மரியாதை தனி. குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை இந்த முள்ளின் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துத்தான் அளக்கிறார்கள். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் குடலின் கடைசிப் பகுதியையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள், முன்னால் பியூபிஸின் பின்புறத்தில் தொடங்கி இந்த முள் வரைக்கும் கட்டப்பட்ட ஒரு தொட்டில்.

ஓட்டையும் கப்பியும்

கீழே இருக்கும் அந்தப் பெரிய ஓட்டையின் பெயர் ஆப்டுரேட்டர் துளை. பெயருக்குப் பொருளே ‘அடைக்கப்பட்டது’ என்பதுதான். உயிருள்ளவரிடம் அது ஓட்டையே அல்ல. ஒரு நார்ச்சவ்வு இழுத்துக் கட்டி மூடியிருக்கும், மேல் மூலையில் ஒரு நரம்பும் ரத்தக்குழாய்களும் போக மட்டும் சந்து விட்டு. சவ்வின் வெளிப்பக்கம் ஒரு தசை, உள்பக்கம் ஒரு தசை. எலும்பைக் குறைத்து எடையை மிச்சம் பிடித்தாயிற்று, தசைக்கு ஒட்ட இடமும் கிடைத்தாயிற்று.

உள்பக்கத் தசையான ஆப்டுரேட்டர் இன்டர்னஸ் எனக்கு இந்த எலும்பிலேயே மிகப் பிடித்தமானது. அது இடுப்புக்கூட்டின் உள்ளே தொடங்கிப் பின்னால் ஓடுகிறது. முள்ளுக்கும் முண்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன வெட்டில் ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பி வெளியே வந்து, தொடை எலும்பை நோக்கிப் போகிறது. கிணற்றுக் கயிறு கப்பியில் திரும்புவதைப் போல. திரும்பும் இடத்தில் எலும்பின்மேல் குருத்தெலும்பு பூசி வழவழப்பாக இருக்கும். நாண் பதிந்து ஓடும் வரிகளும் உண்டு. எலும்பில் வெறும் ஒரு பள்ளம் என்று நினைத்துத் தாண்டிப்போகும் இடத்தில் இப்படி ஒரு இயந்திரம்.

பியூபிஸின் முன்புறம் தொடையை உள்ளே இழுக்கும் அட்டக்டர் தசைகளின் இடம்: லாங்கஸ், பிரெவிஸ், கிராசிலிஸ், மேல் வரம்பில் பெக்டினியஸ். இவற்றில் பெரியதான மேக்னஸ் மட்டும் பியூபிஸின் கீழ்க்கம்பியில் தொடங்கி இஸ்கிய முண்டு வரை பின்னால் படர்ந்திருக்கும். அதனால் அதன் பின்பாதி ஹாம்ஸ்ட்ரிங் போலவே நடந்துகொள்ளும். உட்கார்ந்தபடி முழங்கால்களை ஒன்றோடொன்று அழுத்தினால் தொடையிடுக்கில் கயிறு போல ஒரு நாண் எழும்பும். அது லாங்கஸ். அதே பியூபிஸின் மேல் ஓரத்தில், வயிற்றின் நடுவே நேராக ஓடும் தசை மேலேயிருந்து வந்து ஒட்டுகிறது. மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் ஒரு சிறு எலும்பு. திடீர் திடீரென்று திசை மாறி ஓடி உதைக்கும் கால்பந்து வீரர்களுக்குத் தொடையிடுக்கு வலி தீராத தொல்லையாக இருப்பதில் வியப்பில்லை.

இரு பக்கப் பியூபிஸும் நடுவில் சேரும் மூட்டில் நார்க்குருத்தெலும்புத் தகடு ஒன்று இருக்கிறது. கர்ப்ப காலத்தில் அது சற்றே தளர்ந்து அகலும். மூட்டுக்குக் கீழே இரு கம்பிகளும் சேர்ந்து உண்டாக்கும் கோணம் பெண்களிடம் செங்கோணத்தை ஒட்டி விரிந்தும், ஆண்களிடம் அதைவிடக் குறுகியும் இருக்கும். எலும்புக்கூட்டைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்பவர்கள் முதலில் தேடுவது இடுப்பெலும்பைத்தான்.

முன்கூர்மைகள்: இழுப்பு கண்ணுக்குத் தெரியும் இடம்

இலியத்தின் முன் ஓரத்தில் இரண்டு கூர்மைகள். மேலே இருப்பதை இடுப்பின் முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே தொடலாம். அங்கே ஒட்டுவது சார்ட்டோரியஸ், உடலிலேயே மிக நீளமான தசை. தொடையின் குறுக்கே சரிந்து இறங்கி முழங்காலின் உள்பக்கம் முடிகிறது. லத்தீனில் ‘சார்ட்டோர்’ என்றால் தையற்காரர். காலை மடக்கிக் குறுக்கே போட்டு உட்காரும்போது இது வேலை செய்வதால் வந்த பெயர் என்பார்கள். குடல்வால் அழற்சியில் மருத்துவர் அழுத்திப் பார்க்கும் புள்ளிக்கும் இந்தக் கூர்மைதான் அளவுகோல்: வலது முன்கூர்மையிலிருந்து தொப்புளுக்குப் போகும் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு தூரம். கீழ்க்கூர்மையில் ரெக்டஸ் ஃபெமோரிஸ். தொடையின் முன்பக்க நான்கு தலைத் தசையில் இடுப்பு மூட்டைக் கடப்பது இது ஒன்றுதான். பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில் தொடையை மடக்குவதும் முழங்காலை நீட்டுவதும் இரண்டுமே இதன் வேலை.

தசை இழுக்கிறது, எலும்பு மேடாகிறது என்று சொன்னேன் அல்லவா. அந்த இழுப்பு எவ்வளவு நிஜம் என்பது 14, 15 வயதுப் பிள்ளைகளிடம் தெரியும். அந்த வயதில் இந்தக் கூர்மைகளும் முண்டும் மேல் விளிம்பும் முழுசாக எலும்போடு ஒட்டியிருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி வளர்ச்சி மையம். நடுவே ஒரு குருத்தெலும்புத் தகடு. மேல் விளிம்பின் மையம் பருவ வயதில் தோன்றி முன்னாலிருந்து பின்னால் நகர்ந்து, இருபதுகளின் முதற்பாதி வாக்கில்தான் முழுதாக ஒட்டுகிறது. முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும் பிள்ளைகளுக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கியிருக்கிறது என்று கணிக்க, அமெரிக்க மருத்துவர் ஜோசஃப் ரிசர் 1958இல் எழுதிய பிறகு இன்றுவரை எக்ஸ்ரேயில் இந்த விளிம்பைப் பார்க்கிறார்கள்.

தசையும் நாணும் வேகமாக வலுவடைந்துவிட, குருத்துத் தகடு மட்டும் பின்தங்கி நிற்கும் காலம் அது. பெரியவர்களுக்குத் தசை கிழியும் இடத்தில், பிள்ளைகளுக்கு எலும்புத் துண்டே பெயர்ந்து வந்துவிடும். ஓட்டப்பந்தயத்தில் பாய்ந்து கிளம்பும்போது மேல்கூர்மை சார்ட்டோரியஸோடு போகலாம். பந்தை ஓங்கி உதைக்கும்போது கீழ்க்கூர்மை ரெக்டஸோடு. தடை தாண்டும்போது அல்லது கால்களை முழுசாக விரித்து உட்காரும்போது இஸ்கிய முண்டு ஹாம்ஸ்ட்ரிங்கோடு. எந்த அசைவில் வலி வந்தது என்று கேட்டாலே எந்த மேடு பெயர்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பெரும்பாலானவை ஊன்றுகோல், ஓய்வு, படிப்படியான பயிற்சி என்று அறுவை இல்லாமலே கூடிவிடும். துண்டு வெகுதூரம் விலகியிருந்தால்தான் திருகாணி வைத்துப் பொருத்துவதைப் பற்றி யோசிப்பார்கள்.

ஓடும்போதோ உதைக்கும்போதோ ‘டப்’ என்று ஏதோ விட்ட மாதிரி இருந்தது, அதிலிருந்து நொண்டுகிறேன் என்று வளரும் பிள்ளை சொன்னால், ‘தசைப் பிடிப்புதான், நீவிவிட்டால் சரியாகும்’ என்று விடாதீர்கள். நீவுவதும் காலை இழுத்து நீட்டிவிடுவதும் பெயர்ந்த துண்டை இன்னும் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் காலை ஊன்ற விடாமல் கூட்டிப்போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.